வீட்டில் வௌவால் தங்கியிருக்கிறதா? அடையாளம் காண்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஓட்டு வீட்டின் பரணிலோ, மாடி வீட்டின் சன்ஷேடுக்கு மேலுள்ள இடுக்கிலோ வௌவால் இருப்பதாகச் சந்தேகம் வந்தவுடன், பெரும்பாலோர் ஏணியைச் சாத்தி டார்ச்சுடன் மேலே ஏறுகிறார்கள். அந்த வேலை கடைசியில் செய்ய வேண்டியது. முதலிலேயே ஏறிவிட்டால், இருக்கும் வௌவால்கள் கலைந்து வேறு இடுக்குக்குள் ஒடுங்கிவிடும். பழைய எச்சமும் புதிய எச்சமும் காலடியில் கலந்துவிடும். எந்த ஓட்டை வழியாக அவை போய்வருகின்றன என்பதும் தெரியாமலே போகும். வெளியிலிருந்து தொடங்கி, பகல், மாலை, இரவு, விடியல் என்ற வரிசையில் பார்த்து, அதன் பிறகே உள்ளே செல்ல வேண்டும். இதற்குக் குறைந்தது இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும். மழைக்காலமாக இருந்தால் கூடுதலாக ஒன்றிரண்டு மாலைகள் தேவைப்படலாம்.

1. எந்த வௌவாலைத் தேடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நம் ஊர் வீடுகளின் இடுக்குகளில் குடியிருப்பவை பெரும்பாலும் பூச்சி தின்னும் சிறிய வௌவால்கள். இவற்றில் மிகச் சிறியவை இறக்கையை மடக்கினால் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். சற்றுப் பெரியதாக, வயிற்றுப் பக்கம் மஞ்சள் சாயலுடன் இருக்கும் வகையும் உண்டு. அது பனையின் காய்ந்த ஓலைகளுக்குள்ளும் தங்கும். மூன்றாவதாக, நீண்ட காதுகளும் மூக்கின் மேல் இலை போன்ற தோல்மடிப்பும் கொண்ட பெரிய வகை, ஆள் நடமாட்டமில்லாத பழைய வீடுகளிலும் இருட்டறைகளிலும் இடுக்கில் ஒடுங்காமல் கூரையிலிருந்து வெளிப்படையாகத் தொங்கும்.

பழம் தின்னும் வௌவால்களின் கதை வேறு. உயர்ந்த மரங்களில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் வீட்டுக்குள் குடியேறுவதில்லை. குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் பகலில் பனை வகைகளின் மட்டையடியிலும், நெட்டிலிங்க மரத்தின் இலைக்கொத்துக்குள்ளும், படர்கொடிகளுக்குள்ளும் தங்கிவிட்டு, இரவில் பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து உங்கள் போர்ட்டிகோவில் தொங்கியபடி தின்னும். காலையில் தரையில் சக்கையும் கொட்டையும் கிடக்கும். வெள்ளைச் சுவரில் மஞ்சளும் பழுப்புமாகத் தெறித்த கறை இருக்கும். இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வௌவால் குடியேறிவிட்டதாக அஞ்சுவது, நான் கண்டவற்றில் மிகப் பரவலான தவறு. அது உங்கள் வீட்டைச் சாப்பாட்டுக் கூடமாகப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். வாதுமைக் கொட்டை, நெட்டிலிங்கக் கொட்டை, வேப்பங்கொட்டை, கொய்யாச் சக்கை ஆகியவற்றில் ஏதேனும் எச்சத்துடன் கிடந்தால், இந்த வழிகாட்டியின் எஞ்சிய படிகள் உங்களுக்குத் தேவையில்லை.

2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை ஆகிய மூன்றும் கட்டாயம். காய்ந்த எச்சத்தில் வளரக்கூடிய ஒரு வகைப் பூஞ்சையின் நுண்துகள்கள் தூசியோடு மூச்சில் கலந்தால் நுரையீரலில் தொற்று உண்டாகலாம் என்பதே காரணம். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் வெளியே செய்யும் வேலைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இவற்றோடு, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச், அளவு நாடா, பழைய வெள்ளை வேட்டி ஒன்று அல்லது கிழித்துவைத்த மாதக் காலண்டர் தாள்கள், நோட்டுப் புத்தகம், தெளிப்பானில் தண்ணீர், உடன் நிற்க இன்னொருவர். வெறும் டார்ச் ஒளியை ஓட்டையின் மேல் அடித்தால் வௌவால் வெளியே வரத் தயங்கும். சிவப்பொளி அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. நாளிதழை விரிக்காதீர்கள். அச்செழுத்துகளுக்கு நடுவே கறுப்புத் துகளைத் தேடுவது கண்ணுக்கு வீண் வேலை. காலண்டர் தாளின் வெள்ளைப் பின்புறம் அதைவிட எவ்வளவோ மேல்.

வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. இறந்து கிடந்தாலும் அப்படித்தான். கடித்தாலோ கீறினாலோ, காயம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் சென்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்று கேட்க வேண்டும்.

3. பகலில் வீட்டை வெளியே சுற்றி வந்து, சந்தேக இடங்களைக் குறியுங்கள்

வௌவால் எலியைப் போலக் கடித்துத் துளையிடாது. கூடு கட்டப் பஞ்சும் குச்சியும் கொண்டுவராது. ஏற்கெனவே இருக்கும் இடுக்கைத்தான் அது பயன்படுத்தும். ஆகவே தேட வேண்டியது வீட்டைக் கட்டியவர்கள் விட்டுவைத்த சந்துகளை. சுண்டுவிரல் நுழையும் அளவு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அகலமிருந்தால் சிறிய வகைக்குத் தாராளம்.

ஓட்டு வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது முகட்டு ஓடு. அதன் அடியில் பூசிய சாந்து விரிசல்விட்டு உதிர்ந்த இடங்களும், கைமரம் சுவரில் வந்து உட்காரும் இடத்தைச் சுற்றியுள்ள சந்துகளும், ஓரத்தில் நகர்ந்துகிடக்கும் ஓடுகளும் அடுத்தவை. கான்கிரீட் வீட்டில் ஏசி குழாய் போகும் துளை, வெண்டிலேட்டர், பால்ஸ் சீலிங்கின் விளிம்பு, மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான பிளவு ஆகியவற்றைப் பாருங்கள். அடுக்குமாடியில் இரண்டு கட்டடப் பகுதிகளுக்கு நடுவே விடப்படும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வௌவால்களுக்கென்றே விட்டுவைத்தது போல இருக்கும். கடையானால் ரோலிங் ஷட்டர் சுருளும் பெட்டியும் பெயர்ப்பலகையின் பின்புறமும். வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் உண்டு: சுவரில் சாய்வாக மாட்டிய பெரிய சாமி படங்களின் பின்புறம்.

ஒவ்வொரு சந்திலும் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, விளிம்பில் எண்ணெய்ப்பிசுக்குடன் கூடிய பழுப்புக் கறை. நாள்தோறும் உடலை உரசிக்கொண்டு நுழைவதால் தோலின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து, திண்ணைத் தூணில் கைபட்டு மெருகேறிய இடம்போல அது வழவழவென்று இருக்கும். இரண்டாவது, சந்துக்குக் கீழே சுவரில் வெளிறிய மஞ்சள் அல்லது வெண்ணிறக் கோடுகள். இவை சிறுநீர் வழிந்து காய்ந்தவை. மழைநீர் கசிந்த உப்புப் பூப்பும் இப்படித்தான் தோன்றும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. கூரைக்கடியில் நனையாத சுவரில் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. மூன்றாவது, ஒட்டடை. சந்தின் குறுக்கே சிலந்திவலை முழுதாக இருந்தால் அண்மையில் அந்த வழியாக எதுவும் போகவில்லை, பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். பத்து சந்துகள் கொண்ட பழைய வீட்டில் இந்த ஒரு சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடும்.

வீட்டின் நான்கு பக்கங்களையும் நோட்டில் எளிய கோட்டுப்படமாக வரைந்து, மிஞ்சிய சந்துகளுக்கு எண் கொடுங்கள். மாலையில் இருட்டில் “அந்த மூலை ஓட்டை” என்று பேசிக்கொண்டால் இருவரும் இரு வேறு ஓட்டைகளைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

4. எச்சத்தைச் சோதியுங்கள்

தடுமாற்றம் மிகுதியாக நேரும் இடம் இது. சுண்டெலிப் புழுக்கையும் சிறிய வௌவாலின் எச்சமும் ஏறக்குறைய அரிசியின் அளவே இருக்கும், நிறமும் ஒன்றே. எலி என்று முடிவுகட்டி பரணில் நஞ்சு வைத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். வௌவால் பூச்சியைத்தான் தின்னுமே தவிர நஞ்சு கலந்த பொரியைச் சீண்டாது.

கையுறை அணிந்து, ஒரு துகளை டிஷ்யூ தாளில் வைத்து மடித்து விரல்களால் நசுக்குங்கள். காய்ந்த எலிப் புழுக்கை கல்லைப் போல எதிர்க்கும். வௌவால் எச்சம், நன்கு பொரிந்த அப்பளத்தைப் போல, அழுத்தியவுடனே பொடியாகும். பொடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பூச்சிகளின் இறகும் ஓடும் மினுமினுக்கும் துணுக்குகளாகத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் வண்டின் காலைக்கூட அடையாளம் காணலாம்.

இத்துடன் நின்றுவிடக்கூடாது, ஏனெனில் பூச்சி தின்பவை வேறும் உண்டு. பல்லியின் எச்சமும் நசுக்கினால் பொடியாகும். ஆனால் அதன் ஒரு முனையில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும், வௌவால் எச்சத்தில் அந்த வெள்ளை கிடையாது. மூஞ்சூறின் எச்சத்திலும் பூச்சித் துணுக்குகள் உண்டு. ஆனால் அது தரையோடு, சுவரோர மூலைகளில்தான் கிடக்கும். கரப்பானின் எச்சம் இவையெல்லாவற்றையும்விடப் பொடியானது, ரவை போன்றது.

கிடக்கும் விதமும் ஒரு சாட்சி. எலி ஓடும் வழியெங்கும் சிதறிவிட்டுப் போகும். வௌவால் எச்சம் ஒரே இடத்தில், வெளியேறும் சந்துக்கு நேர் கீழே குவியும். சில துகள்கள் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சுவரில் ஒட்டிய துகள்களையும் ஜன்னல் விளிம்பில் சேர்ந்த குவியலையும் ஒருங்கே கண்டால் நான் ஏறக்குறைய உறுதிசெய்துகொள்வேன். சந்துக்குக் கீழே நிற்கும் ஸ்கூட்டரின் இருக்கையில் தினமும் காலையில் நாலைந்து கறுப்புத் துகள்கள் இருப்பதுதான் பல வீடுகளில் முதல் அறிகுறி.

பழைய வீட்டில் இன்னொன்றும் காணக்கூடும். நீண்ட காது கொண்ட பெரிய வகை, இரையைத் தொங்குமிடத்துக்குக் கொண்டுவந்து தின்னும்; ஆகவே அதன் கீழே அந்துப்பூச்சிச் சிறகுகள், வெட்டுக்கிளிக் கால்கள், சில நேரங்களில் தவளைக் கால்களும் பறவை இறகுகளும் கிடக்கும். எலும்பும் மயிரும் உருண்டையாகத் திரண்டு கிடந்தால் அது கூகை கக்கியது, வௌவால் அல்ல.

5. மாலையில் வெளியேறுவதைப் பாருங்கள்

மற்ற எல்லா அறிகுறிகளும் ஊகத்துக்கு இடம் தரும். சந்திலிருந்து வௌவால் வெளிவருவதைக் கண்ணால் பார்ப்பது ஒன்றே ஐயத்துக்கிடமில்லாதது. சிறிய வகைகள் பொதுவாகச் சூரியன் மறைந்து கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் புறப்படும். சென்னை வட்டாரத்தில் நவம்பரில் சூரியன் 5.40 மணி வாக்கிலும் ஜூலையில் 6.40 மணி வாக்கிலும் மறைவதால், கடிகார நேரத்தை மனத்தில் வைக்காமல் அன்றைய மறைவு நேரத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே இடத்தில் அமர்ந்துவிட வேண்டும். நீண்ட காது வகை நன்றாக இருட்டிய பிறகே கிளம்பும்.

போர்ட்டிகோ விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் புறப்பாடு தாமதமாகும். அதோடு விளக்குக்கு வரும் பூச்சிகளைத் தேடி வேறிடத்து வௌவால்களும் வந்து சுற்றும். தெருவிளக்கைச் சுற்றும் வௌவால் உங்கள் வீட்டில் இருப்பதற்கு அடையாளமாகாது.

அமரும் இடமும் முக்கியம். வீட்டின் எதிரெதிர் மூலைகளில் ஒருவர் வீதம் அமர்ந்தால், ஒவ்வொருவருக்கும் இரண்டு சுவர்கள் வீதம் நான்கும் கண்ணில் படும். கூரை விளிம்பு வானத்தின் பின்னணியில் தெரியுமாறு நாற்காலியைப் போடுங்கள். மேற்கு வானம் கடைசிவரை வெளிச்சமாக இருப்பதால் அந்தத் திசையை நோக்குவது கூடுதல் வசதி. நானே முதல் முறை வாசலில் மட்டும் உட்கார்ந்து இரண்டு மாலைகளைக் கழித்து, “ஒன்றுமில்லை” என்று எழுதிவைத்தேன். மூன்றாம் நாள் பின்வீட்டு அக்கா மொட்டை மாடியிலிருந்து, “தம்பி, அது எல்லாம் எங்க பக்கத்து முகட்டுலதான வருது” என்றார்.

புறப்படுவதற்குச் சற்று முன் சந்துக்குள்ளிருந்து மெல்லிய கிரீச்சொலியும் சலசலப்பும் கேட்கும். வேட்டையின்போது அவை எழுப்பும் ஒலி நம் செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் இருந்தாலும், ஒன்றோடொன்று நெருங்கும்போது எழுப்பும் ஒலிகள் கேட்கக்கூடியவை. நள்ளிரவில் கேட்கும் கறகறவென்ற சுரண்டலும் ஓட்டமும் எலி. பகலில் கேட்பது பெரும்பாலும் அணில்.

உழவாரக் குருவியோடு குழம்பிவிடாதீர்கள். அதுவும் போர்ட்டிகோக் கூரையில் கூட்டமாகக் கூடுகட்டும், அதுவும் அந்தியில் வேகமாக வட்டமடிக்கும். அந்த நேரத்தில் உழவாரன் அடைய உள்ளே நுழைகிறது. வௌவால் இரைக்காக வெளியே வருகிறது. உழவாரனின் கூடு வெளிப்படையாகத் தெரியும், அதன் எச்சத்தில் வெள்ளை இருக்கும்.

எந்த எண்ணுள்ள சந்திலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பலத்த மழையோ காற்றோ உள்ள மாலையில் அவை தாமதிக்கலாம், வராமலும் இருக்கலாம். அந்த மாலையின் பூஜ்யத்தைக் கணக்கில் சேர்க்காமல் மறுநாள் மீண்டும் அமர வேண்டும்.

6. இரவில் வெள்ளைத் துணி விரியுங்கள்

கண்டெடுத்த எச்சம் இப்போதையதா, சென்ற ஆண்டினதா என்று அதைப் பார்த்தே சொல்வது கடினம், ஏனெனில் வௌவால் எச்சம் விரைவில் காய்ந்துவிடும். ஆகவே சந்தேகச் சந்தின் கீழே இருக்கும் பழைய எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்தோடு வழித்து எடுத்துவிட்டு, அங்கே வெள்ளை வேட்டியையோ காலண்டர் தாளையோ விரித்து மூலைகளில் கல் வையுங்கள். உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்குவது தூசியைக் கிளப்பிவிடும். அதைத் தவிர்க்கவே தண்ணீர்.

மறுநாள் காலையில் துணியில் துகள் இருந்தால் அது நேற்றிரவுக்குரியது. இரண்டு மூன்று இரவுகள் துணி வெள்ளையாகவே இருந்தால், அந்தச் சந்து கைவிடப்பட்டதாக இருக்கலாம். கோடையில் ஓட்டுக்கடி கொதிக்கும்போது அவை குளிர்ந்த இடுக்குக்கு இடம் மாறுவதுண்டு என்பதால், துணியை அடுத்த எண்ணுக்கு நகர்த்திப் பாருங்கள்.

7. விடியற்காலையில் திரும்புவதைப் பாருங்கள்

மாலையில் நொடிப்பொழுதில் பறந்துவிடுவதால் எந்தச் சந்து என்று துல்லியமாகத் தெரியாமல் போகலாம். விடியலில் அந்தச் சிக்கல் குறைவு. சூரியன் உதிக்க முக்கால் மணி நேரம் முன்பிருந்து, திரும்பும் வௌவால்கள் உடனே நுழையாமல் சந்தின் முன்னே வட்டமிட்டு, சுவரைத் தொட்டும் விலகியும் பறந்துவிட்டு நுழையும். எனக்கு நேரம் குறைவாக இருந்து ஒன்றை மட்டுமே பார்க்க முடியும் என்றால், மாலையை விட்டுவிட்டு இந்த விடியலைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதிகாலையில் எழ வேண்டியிருப்பதால்தான் எல்லோரும் இதைத் தவிர்க்கிறார்கள்.

8. கடைசியாக உள்ளே செல்லுங்கள்

இப்போது எந்தப் பக்கம், எந்தச் சந்து என்பது தெரிந்திருக்கும். பகலில், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, அந்தச் சந்தின் உட்பக்கத்துக்கு மட்டும் செல்லுங்கள். ஏறியவுடன் மூச்சில் ஏறும் மூத்திர நெடியை வைத்தே கூட்டம் பெரிதா சிறிதா என்று ஓரளவு கணிக்கலாம். சிவப்பொளியில் கைமரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே, ரீப்பர் கட்டைகளின் இடுக்கில், பார்வையை மெதுவாக நகர்த்துங்கள். சிறிய வகை தொங்கிக்கொண்டிருக்காது. இடுக்கில் பதுங்கி ஒட்டியிருக்கும், காய்ந்த புளியம்பழத் துண்டு போலத் தோன்றும். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். குச்சியால் குத்துவதும் புகை போடுவதும் கூடாது; கலைந்தவை கீழே அறைகளுக்குள் புகுந்துவிடும்.

அறைக்குள் ஒரே ஒரு வௌவால் என்றோ ஒரு நாள் பறந்தது, வேறு எந்த அறிகுறியும் இல்லை என்றால், அது பூச்சியைத் துரத்தி ஜன்னல் வழியாக வந்தது என்றே கொள்ளலாம். ஒரு வாரத்துக்குள் மீண்டும் மீண்டும் வந்தால், பரணிலிருந்து அறைக்குள் திறக்கும் சந்து ஏதோ இருக்கிறது. மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிய துளையையும் பரண் கதவின் விளிம்பையும் பாருங்கள்.

9. குட்டி இருக்கிறதா என்று பார்த்தபின்பே சந்தைத் தொடுங்கள்

அடையாளம் கண்ட அன்றே, பகலில், சிமெண்டைக் குழைத்துச் சந்தை அடைத்துவிடுவது எல்லாவற்றையும்விடக் கெட்ட தவறு. பகலில் அவை உள்ளேதான் இருக்கின்றன. அடைபட்டவை செத்து நாறும், அல்லது வேறு வழி தேடி வீட்டுக்குள் இறங்கும். எல்லாம் வெளியேறிய இரவில் அடைப்பதும் குட்டியிருந்தால் அதே முடிவையே தரும்.

ஆகவே இன்னொரு மாலை அமருங்கள். கடைசி வௌவாலும் புறப்பட்டுவிட்டது என்று தோன்றிய பின், அரை மணி நேரம் கழித்துச் சந்துக்குக் கீழே அமைதியாக நின்று கேளுங்கள். உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி தொடர்ந்து வந்தால், பறக்கத் தெரியாத குட்டிகள் இருக்கின்றன. இரவின் நடுவிலேயே சில தாய்கள் திரும்பி வருவதும் அதையே சொல்லும். அப்படியானால் சந்தை விட்டுவிட்டு, நாலைந்து நாளுக்கு ஒருமுறை வெளியேறும் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டிருங்கள். ஒரு மாலையில் எண்ணிக்கை திடீரென்று கூடி, புறப்பாட்டுக்குப் பிறகு உள்ளே சத்தமும் நின்றுபோனால், குட்டிகள் பறக்கத் தொடங்கிவிட்டன. அந்தத் தேதியை நோட்டில் கோட்டுப்படத்தின் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொண்டு, அடைப்பு வேலைக்கு ஆளைப் பேசலாம்.